தளத்தில் படியும் கறைகள்

தமிழ்நாட்டிலிருந்து பெங்களூருக்குக் குடிவரும் அன்பர்கள் வீடு பார்க்கச் செல்லும்போது, வாடகையையும் முன்பணத்தையும் விசாரித்த பின் தவறாமல் கேட்கும் வினா ஒன்று உண்டு: “காவேரித் தண்ணீரா, போர்வெல் தண்ணீரா?” குடிப்பதையும் சமைப்பதையும் கருதியே இதைக் கேட்கிறோம். ஆனால், குளியலறைத் தளம் ஓராண்டில் எந்த நிறம் கொள்ளும் என்பதும் இவ்வினாவின் விடையிலேயே அடங்கியிருக்கிறது.

பெங்களூர் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரம். அருகில் பேராறு ஏதும் இல்லை. 1974-ஆம் ஆண்டு முதல் காவேரி நீரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து குழாய்வழியே மேலேற்றிக் கொண்டுவருகின்றனர். நகரோடு இணைந்த 110 கிராமங்களுக்கென ஐந்தாம் கட்டக் காவேரித் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கப்பெற்றது. எனினும் பல குடியிருப்புகளில் ஆழ்குழாய்க் கிணற்று நீரும், லாரியில் வரும் நீரும் இன்றும் கலந்தே புழங்குகின்றன. பாறை இடுக்குகளில் நெடுநாள் தங்கிய அந்நீர், சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியச் சத்தையும் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. இதனையே கடின நீர் என்கிறோம். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காதபோது 600 மில்லிகிராமை மேல்வரம்பாகவும் கொள்கிறது.

லிட்டருக்கு 400 மில்லிகிராம் உள்ள நீர் ஒரு வீட்டிற்கு வருவதாகக் கொள்வோம். குளித்து முடித்தபின் தளத்தில் தேங்கி உலரும் நீர் ஒரு தம்ளர், அதாவது 200 மில்லிலிட்டர் என்றால், அது விட்டுச் செல்லும் உப்பு 80 மில்லிகிராம். கண்ணுக்கே தெரியாத அளவுதான். ஆயினும் நாள்தோறும் சேர்ந்தால் ஓராண்டில் ஏறத்தாழ 29 கிராம் ஆகிறது. ஒரு பகுதி கழுவும்போது போய்விடும். எஞ்சியது டைல்ஸின் மீது கல்லாய் இறுகிவிடும். தேங்காய் நாரால் எவ்வளவு தேய்த்தும் போகாத அந்த வெண்படலம் உண்மையில் அழுக்கன்று. மெல்லிய சுண்ணாம்புக் கல். சோப்பும் இந்நீரோடு சேர்ந்து நுரைக்காமல் திரிந்து, சாம்பல் நிறப் பிசுக்காக அதன்மேல் ஒட்டிக்கொள்கிறது.

சமையலறையின் கதை வேறு. தாளிக்கும்போது தெறிக்கும் எண்ணெய் முதலில் துடைத்தால் போய்விடும். அடுப்புச் சூட்டிலும் காற்றிலும் பல நாள் கிடந்தால், வண்ணப்பூச்சு உலர்வதைப்போல அது இறுகி மஞ்சள் நிறப் பசையாகிவிடுகிறது. குளியலறை மூலைகளிலும் டைல்ஸ் இடுக்குகளிலும் காணும் கறுப்போ இவ்விரண்டுமன்று. அது ஈரத்தில் வளரும் பூஞ்சை. நம் வீடுகளில் பெரும்பாலும் இம்மூன்றையும் ‘அழுக்கு’ என்னும் ஒரே சொல்லால் குறித்து, ஒரே புட்டியால் போக்க முயல்கிறோம். வீண் உழைப்பும், சில வேளைகளில் ஆபத்தும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

சுண்ணாம்புப் படலத்திற்கு வேண்டியது மென்மையான புளிப்பு. நம் பாட்டிமார் பித்தளைப் பாத்திரத்தைப் புளியால் துலக்கியது எதனால் என்பது இங்கே விளங்கும். புளிப்புப் பொருள்கள் யாவும் அமிலங்களே. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தை, ஒரு லிட்டர் வெந்நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி வீதம் கரைத்துக்கொள்ளலாம், வினிகரும் உதவும். முதலில் தளத்தை வெறும் நீரால் நனைக்கவேண்டும். டைல்ஸ் இடுக்கில் அடைத்துள்ள சிமெண்டு வறண்டிருந்தால் அமிலத்தை உறிஞ்சி அரிபட்டுப் போகும். முன்பே நீர் குடித்திருந்தால் அவ்வளவாக உறிஞ்சாது. பின்னர்க் கரைசலை ஊற்றிக் கால்மணி நேரம் உலரவிடாமல் வைத்திருந்து, பிரஷ்ஷால் தேய்த்து நிறைய நீர்விட்டு அலசவேண்டும். நெடுநாளைய படலம் ஒரே முறையில் போகாது. மூன்று நான்கு வாரம், வாரத்திற்கொருமுறை செய்வதே முறை.

எண்ணெய்ப் பசைக்கு அமிலம் பயன்படாது. அதற்குக் காரம் வேண்டும். சலவைச் சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டால், பசையின் ஒரு பகுதி சோப்பாகவே மாறிக் கழன்றுவிடுகிறது. கையுறை அணிவது நல்லது. சோடா தோலையும் வறட்டும். சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்து பொங்கவைத்துத் துடைக்கும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. பொங்குவது கண்ணுக்கு வேடிக்கையாக இருக்கிறதேயன்றி, அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொள்வதால் இறுதியில் எஞ்சுவது பெரும்பாலும் உப்புத் தண்ணீரே.

தளம் எதனால் ஆனது என்பதையும் பார்க்கவேண்டும். மெருகிட்ட பீங்கான் டைல்ஸ் புளிப்பைத் தாங்கும். சலவைக்கல், கடப்பைக்கல், மொசைக் ஆகியவை தாங்கா. அவற்றில் சுண்ணாம்பே உடலாதலின், எலுமிச்சைச் சாறுகூட மெருகைத் தின்றுவிடும். பசவனகுடி, மல்லேசுவரம் போன்ற பகுதிகளின் பழைய வீடுகளில் இன்னும் காணப்படும் செம்மண் நிறச் சிமெண்டுத் தளத்திற்கும் இது பொருந்தும். அத்தகைய தளங்களுக்கு இளஞ்சோப்பு நீரே போதும்.

இனிக் கடுந்திராவகம். வீடு மாறும்போது முன்பணத்தைக் குறைவின்றித் திரும்பப் பெறவேண்டும் என்ற அவசரத்தில் பலர் நாடுவது இதனையே. ஹைட்ரோகுளோரிக் அமிலம் படலத்தை நொடியில் கரைக்கும் என்பது உண்மை. அத்துடன் இடுக்குச் சிமெண்டையும் கரைக்கும். அதன் ஆவி எவர்சில்வர் குழாய்களையும் புள்ளி புள்ளியாக அரிக்கும். இடுக்குகள் பள்ளமானபின் அழுக்கு முன்னிலும் விரைவாகத் தங்குகிறது. 2013-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் இட்ட ஆணையின்படி, திராவகம் விற்பவர் வாங்குவோரின் விவரத்தைப் பதிவு செய்யவேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டோர்க்கு விற்கலாகாது. பெண்கள் மீது நிகழ்ந்த கொடுமைகளை ஒட்டி எழுந்த ஆணை அது. ஆயினும் கழிப்பறை துலக்கும் புட்டிகளில் பலவற்றில் இதே அமிலம் நீர்த்த நிலையில் இருக்கிறது.

பூஞ்சைக்கு ஏற்றது பிளீச்சிங் பவுடர். ஒரு லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி கலந்து தெளியவைத்து, மேல்நீரை மட்டும் பூசிக் கால்மணி நேரம் கழித்து அலசினால் கறுப்பு அகலும். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. பிளீச்சிங் பவுடரோடு அமிலம் எதுவும் சேரலாகாது. கழிப்பறைத் திராவகமானாலும் சரி, எலுமிச்சை உப்பானாலும் சரி. இரண்டும் சேர்ந்தவுடன் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப்போரில், 1915 ஏப்ரல் மாதம் பெல்ஜியத்தின் ஈப்ர நகரருகே போர்வீரர்கள் மீது ஏவப்பட்ட வாயு இதுவே. காற்றைவிடக் கனமானதாதலின் தரையோடு தங்கும். தரை தேய்ப்பவரோ குந்தி உட்கார்ந்து முகத்தைத் தாழ்த்தியே தேய்க்கிறார். நகரக் குளியலறையில் காற்றுப் போக ஒரு சிறு சன்னலே இருக்கும். கண் எரிந்து, தொண்டை அடைத்து, இருமல் வந்தால் உடனே வெளியேறித் திறந்த வெளிக்கு வரவேண்டும். புட்டியை மூடிவிட்டு வரலாமே என்று நிற்கலாகாது. கண்ணிலோ தோலிலோ பட்டிருந்தால் கால்மணி நேரம் ஓடும் நீரில் கழுவி, மருத்துவரை நாடவேண்டும். ஒரு நாள் அமிலம் இட்டால் பிளீச்சிங் பவுடரை மற்றொரு நாளைக்கு வைத்துக்கொள்வதே தக்கது.

இவ்வேலையைப் பல வீடுகளில் நாம் செய்வதில்லை என்பதையும் கூறவேண்டும். பிழைப்புக்காக இந்நகருக்கு வந்து நான்கைந்து வீடுகளில் வேலை செய்யும் அம்மாள் ஒருவர், வெறுங்காலோடும் வெறுங்கையோடும் செய்கிறார். அவர்களில் நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்களும் உண்டு. புட்டியில் அச்சிட்ட எச்சரிக்கை அவருக்குத் தெரிந்த மொழியில் இல்லாதிருக்கலாம். எப்புட்டியோடு எது சேரலாகாது என்று வாயால் சொல்லிக் கொடுப்பதும், ரப்பர்க் கையுறையும் செருப்பும் வாங்கி வைப்பதும், அவர் வேலை செய்யும்போது கதவைத் திறந்துவைப்பதும் வீட்டுக்காரர் கடமை. கையுறையின் விலை ஒரு சினிமாச் சீட்டின் விலையைவிடக் குறைவு.

படலம் நீங்கியபின் அது மீண்டும் சேராதிருக்க மருந்து எதுவும் வேண்டியதில்லை. கடைசியாகக் குளிப்பவர் ரப்பர் வைப்பரால் நீரை வழித்துவிட்டால், உலர நீர் இராது. உலர நீர் இல்லையேல் படிய உப்பும் இராது. மழைநீர்ச் சேகரிப்பு பெங்களூரில் 2009-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்திற்குப் பின் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மனைகளுக்குக் கட்டாயமாயிற்று. தொட்டியில் மழைநீர் சேரும் வீடுகளில், இறுதி அலசலுக்கு அந்நீரைப் பயன்படுத்தலாம். அதில் சுண்ணாம்பு ஏறக்குறைய இல்லை. உலர்ந்தாலும் சுவடு விடாது.