இலைகளால் எழுந்த ஆய்வுக்கூடம்

காவிரியும் கொள்ளிடமும் அணைத்து நிற்கும் ஸ்ரீரங்கத் தீவில், மேலூருக்கு அருகே, மேலணை காப்புக்காட்டைச் சேர்ந்த சுமார் 25 ஏக்கர் நிலத்தில் தமிழ்நாடு வனத்துறை அமைத்து 2015-ஆம் ஆண்டு திறந்துவைத்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவை, விடுமுறை நாளில் குழந்தைகளை அழைத்துச் செல்லும் உல்லாச ஸ்தலமாகவே திருச்சி ஜனங்களில் பெரும்பாலோர் அறிவார்கள். அங்கே பூச்சிகளை முட்டைப் பருவம் முதற்கொண்டு பேணி வளர்க்கும் ஆய்வுக்கூடமும் உண்டு. என்றாலும் அதன் நான்கு சுவர்களைக் காட்டிலும், சுற்றிலும் நிற்கும் செடிகொடிகளே உண்மையான ஆய்வுக்கூடம் என்பது என் அபிப்பிராயம்.

எலுமிச்சை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியைக் கவனியுங்கள். முட்டையிட வரும் பெண்பூச்சி, முன்னங்கால்களால் இலையைத் தட்டித் தட்டி ருசி பார்த்து, எலுமிச்சையோ கறிவேப்பிலையோ என்று நிச்சயித்துக்கொண்ட பிறகே, இளந்தளிரில் கடுகளவு முட்டையொன்றை ஒட்டிவைக்கும். சில தினங்களில் வெளிவரும் புழு, கருநிறத்தில் வெண்திட்டுகளோடு பறவை எச்சம்போலவே கிடந்து பட்சிகளை ஏமாற்றும். வளர்ந்ததும் இலைப் பச்சையாக மாறி, யாரேனும் தொட்டால் தலைக்குப் பின்னிருந்து ஆரஞ்சு நிறக் கவைக்கொம்பை நீட்டிக் காட்டமான வாசனையைப் பரப்பும். வெந்தய வரியன் என்னும் மற்றொரு வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கோ எருக்கிலைதான் ஆகாரம். எருக்கம்பாலிலுள்ள விஷத்தை அப்புழு தன் உடலிலேயே சேமித்துக்கொள்வதால், ஒருமுறை தின்று பார்த்த பறவை மறுமுறை நெருங்குவதில்லை. ஆகவே, அலங்காரத் தோட்டக்காரர் வேரோடு பிடுங்கியெறியும் எருக்கையும், இத்தகைய இடத்தில் மதிப்போடு வளர்த்தாக வேண்டும்.

செடி மட்டும் போதாது. பூச்சியின் உடல் தானே உஷ்ணத்தை உண்டாக்கிக் காத்துக்கொள்ளும் வகையினதன்று. காலை வெயிலில் இறகை விரித்துக் காய்ந்த பிறகே அது சரிவரப் பறக்கும். ஆதலால் மரநிழல் அடர்ந்துவிடாமல் வெயில் விழும் வெளிகளும், காற்றை மறிக்கும் புதர்களும், ஆண்பூச்சிகள் உப்புச் சத்தை உறிஞ்ச ஈரச் சேற்றுத் திட்டுகளும் திட்டத்திலேயே இடம்பெற வேண்டும். நதிகளிரண்டின் ஈரப்பசை நிறைந்த மேலூர், இதற்கு இயற்கையாகவே வாய்த்த ஸ்தலம். ஆய்வுக்கூடக் கட்டடம் எத்தனை சிறப்பாக அமைந்தாலும், சுற்றுப்புறச் செடிகளில் ஒரு முறை பூச்சிமருந்து தெளித்தால் அங்கே ஆராய எதுவும் மிஞ்சாது.

கொல்லையில் கறிவேப்பிலை வளர்ப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: இலைமேல் எச்சம்போல் ஒட்டியிருக்கும் புழுவைக் கண்டால் மருந்தடிக்காதீர்கள், இரண்டு மூன்று வாரங்கள் அதற்குச் சில தளிர்களை விட்டுக்கொடுங்கள்.