வேடனாய் வந்த விமலன்

வேட்டையாடும் வீரனைத் தீட்டுதல் ஓவியர்க்கு எந்நாட்டிலும் உவப்பான செயலாகும். பிரான்சிய ஓவியர் தெலக்குருவா (1798–1863) சிங்க வேட்டையைப் பலமுறை எழுதினார். மனிதனும் குதிரையும் விலங்கும் பின்னிப் பொரும் ஒரு கணமே அவர்தம் படங்களின் பொருள். உடல்வலியே ஆண்டுப் பெருமை. நம் கலைமரபிலும் ஒரு பெருவேடன் உளன். அவன் பெருமையோ வேறு வகையது.

வில்லிபாரதத்து அருச்சுனன் தவநிலைச் சருக்கத்தைக் கற்றோர் அவ்வேடனை அறிவர். பாசுபதம் வேண்டித் தவம் இயற்றும் அருச்சுனனைக் கொல்ல மூகாசுரன் பன்றியுருவில் வருகின்றான். வேடுருக் கொண்ட சிவபிரானும் அருச்சுனனும் அதன்மேல் அம்பு தொடுக்கின்றனர். பன்றி எவர்க்குரியது என்னும் பிணக்கு விற்போராய், பின் மற்போராய் முதிர்கின்றது. முடிவில் இறைவன் தன்னுருக் காட்டிப் படைக்கலம் அருள்கின்றான்.

இக்கதை ஆந்திர மாநிலத்து இலேபாட்சி வீரபத்திரர் கோயில் மண்டப விதானத்தில் வண்ணத்தில் விரிகின்றது. விசயநகர வேந்தன் அச்சுததேவராயன் (1529–1542) காலத்தில் விருபண்ணா, வீரண்ணா என்னும் உடன்பிறந்தார் எடுப்பித்த கோயில் அது. சுண்ணச் சாந்தின்மேற் கருங்கோட்டால் உருவங்களை வரைந்து, காவியும் மஞ்சளும் பிற நிறங்களும் ஊட்டினர்.

ஓவியனுக்கு ஈண்டு ஓர் இடர்ப்பாடு உண்டு. ‘இவனே சிவன்’ எனப் புலவன் ஒரு சொல்லால் உணர்த்திவிடலாம். ஓவியனுக்குச் சொல் இல்லை. வேடன் வேடனாகவே தோன்றாவிடின் அருச்சுனனது மயக்கம் பொருந்தாது. வேடனாக மட்டுமே தோன்றின் காண்போர்க்குக் கடவுள் புலப்படான். இலேபாட்சி ஓவியர் ஒரு கணத்தைத் தெரிந்து நிறுத்தாது, தவம், பன்றி, போர், அருள் எனக் கதையைத் தொடராக விரித்தனர். அண்ணாந்து நடந்து முடிவைக் கண்டவன், மீண்டும் முதற்காட்சியை நோக்கும்போது வேடனிடத்தே இறைவனைக் காண்கின்றான்.

மாமல்லபுரத்து ஏழாம் நூற்றாண்டுப் பாறைச் சிற்பம் அருச்சுனன் தவமோ பகீரதன் தவமோ என்னும் வாதம் இன்னும் ஓய்ந்திலது. ஆண்டு வேடனும் போரும் காட்டப்படாமையே அதற்கு ஒரு காரணம். இலேபாட்சியில் அவ்வையத்துக்கு இடமில்லை.

அவ்விதானத்தின் சில பகுதிகளில் வண்ணம் உதிர்ந்துவிட்டது. தொடராக விரிந்த கதையில் ஒரு காட்சி அழியின் அடுத்ததன் பொருளும் குன்றும். இறுதிக் காட்சி அழியின் வேடன் என்றும் வேடனாகவே நின்றுவிடுவான். ஆதலின் எஞ்சிய வண்ணத்தைக் காத்தல், அருச்சுனன் பெற்ற அறிவைப் பின்வருவோர்க்கும் காத்தலாகும்.