மீன்காரி வீட்டில் மீன் இல்லையா?

கிறிஸ்துவுக்குள் பிரியமான பங்காளர்களே,



பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களுக்கு நம் மருத்துவக் குழு சென்று வருவதை நீங்கள் அறிவீர்கள். அண்மையில் ஒரு தாயாரைப் பரிசோதித்த டாக்டரம்மா இரத்தசோகை என்று கண்டு, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, "மீனும் கீரையும் நிறையச் சாப்பிடுங்கம்மா" என்றார்கள். அந்தத் தாயார் மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு என்னிடம் வந்தார்கள். "ஐயா, தினமும் கூடை கூடையா மீன் சுமக்கிறேன். நல்ல மீனை வித்தாத்தான் அரிசி, பள்ளிக்கூடச் செலவு, வட்டி எல்லாம். எங்க வீட்டுக்கு மிஞ்சுறது குழம்புத் தண்ணிதான். இதுக்கு மாத்திரை மட்டும் போதுமா?" என்று கேட்டார்கள்.

பல ஆண்டுகளாக வியாதியஸ்தரோடு ஜெபித்துவரும் எனக்கு உடனே பதில் வரவில்லை. இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான், அந்தத் தாயாரையும் இன்னும் சில சகோதரிகளையும் வாலிபர்களையும் மருத்துவமனை வேனில் அழைத்துக்கொண்டு பூம்புகாருக்குப் போனோம். காவிரி கடலோடு கலக்கும் அந்த ஊரில், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்களுக்காக 'அனைவருக்கும் மீன்' என்ற பெயரில் ஒரு பயிற்சி மையம் நடத்துகிறது. நாங்கள் அங்கே கற்றதை உங்களோடு பகிர்ந்துகொள்வது என் கடமை.

முதலில் அந்த நிறுவனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கும்பகோணத்தில் பிறந்த டாக்டர் சுவாமிநாதன், கோதுமை, நெல் விளைச்சலைப் பெருக்கிய பசுமைப் புரட்சியின் முன்னோடி. 1987-ல் உலக உணவுப் பரிசை முதன்முதலாகப் பெற்றவர் அவரே. அந்தப் பணத்தைக் கொண்டு 1988-ல் இந்த நிறுவனத்தைச் சென்னையில் தொடங்கினார். விளைச்சலைப் பெருக்கிய அதே மனிதர்தான், நிலத்தையும் நீரையும் அளவின்றிச் சுரண்டினால் கேடு வரும் என்று 1968-லேயே எச்சரித்தவர். 2023 செப்டம்பரில் அவர் மறைந்தார்.

உலகில் பசி ஏன் இருக்கிறது? உணவு போதாததால் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். ஐக்கிய நாடுகள் சபையின் கணக்குப்படி 2024-ல் சுமார் 67 கோடிப் பேர் பசியோடு இருந்தார்கள். ஆனால் 2022-ல் மட்டும் உலகம் வீணாக்கிய உணவு 100 கோடி டன்னுக்கும் மேல். ஆகவே உணவு உண்டு, அது தேவையானவரின் தட்டுக்கு வருவதில்லை என்பதே உண்மை.

இன்னொரு பசியும் உண்டு. வயிறு நிறைந்திருக்கும், உடம்புக்கு வேண்டிய சத்து இராது. இதை மறைபசி என்கிறார்கள். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. ரேஷன் அரிசி பட்டினியைத் தடுக்கிறது. அதற்காகத் தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனால் வெறும் சோறு இரத்தத்தை ஊறச் செய்யாது. அந்தத் தாயாரின் வியாதிக்குப் பெயர் இதுதான்.

சரி, மீன் பிடிக்கிறவர் வீட்டில் மீன் ஏன் தங்குவதில்லை? ஒரு காரணம் விலை. ஐஸ் இல்லாவிட்டால் மீன் சில மணி நேரத்தில் கெட்டுப்போகும். கேட்ட விலைக்குக் கொடுத்தே தீரவேண்டும். வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தால் விலை பேசவும் வாய் எழாது. வெறும் மணலில் காயும் கருவாட்டில் மண்ணும் ஈயும் சேரும். உயரமான தட்டியில் சுத்தமாகக் காய்ந்த கருவாட்டுக்கு விலை கூடும். பிடிப்பது முதல் உண்பது வரை மீனைக் கெடாமல் காத்து, அதன் பயனை மீனவர் கையிலேயே நிற்கச் செய்வதே அந்த மையத்தின் பாடம்.

அடுத்த காரணம் ஏரி. நம் பழவேற்காடு, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்புநீர் ஏரி. இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து, மறுபடியும் கடலுக்குத் திரும்பும். மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபட்டால் குஞ்சு உள்ளே வராது, படகும் வெளியே போகாது. அப்பொழுது கரையெங்கும் அடுப்பு அணையும். ஏரியின் வாய் மூடினால் நம் பிள்ளைகளின் வாயும் மூடும் என்று ஒரு வாலிபன் சொன்னது எங்கள் எல்லாருடைய மனதையும் தொட்டது.

'எதிர்காலத்துக்கும் மிச்சம் வைத்து வாழ்வது' என்பதை நிபுணர்கள் புதிதாகப் பேசுகிறார்கள். எங்கள் ஏரிக்கரைக்கு அது புதிதல்ல. இங்கே 'பாடு' என்றொரு பழைய முறை உண்டு. முகத்துவாரத்தருகே நல்ல மீன்பாடு உள்ள இடங்களில் இன்றைக்கு ஒருவர் வலை கட்டினால் நாளைக்கு மற்றவர். ஊர் கூடி முறை வைக்கும். வலியவன் எல்லாவற்றையும் வாரிக்கொள்ள முடியாது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் மீன் இனப்பெருக்கத்துக்கு இடம் விடுவதும் இதே ஞானந்தான். ஏழாம் வருஷம் நிலத்துக்கு ஓய்வு கொடுக்கச் சொன்ன வேதப் பிரமாணம் உங்கள் நினைவுக்கு வரலாம்.

ஆனால் ஒன்றை மறைக்கலாகாது. பாடு முறையில் எல்லாருக்கும் இடமில்லை. பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் சகோதரிகளுக்கு அதில் பங்கு கிடையாது. பங்கிடுவதைக் கற்றவர்களும் இன்னும் கொஞ்சம் கையை விரிக்க வேண்டியிருக்கிறது. எங்கள் சபைகளுக்கும் இது பொருந்தும்.

ஐந்து அப்பமும் இரண்டு மீனும் திரளான ஜனத்தைப் போஷித்த சம்பவத்தை நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். அற்புதத்தைப் பேசினேனே ஒழிய, அதன் பிறகு ஆண்டவர் மீதியான துணிக்கைகளைச் சேர்க்கச் சொன்னதை அவ்வளவாகப் பேசினதில்லை. நிறைவாய்க் கொடுக்க வல்லவரே வீணாக்காதபடி கவனித்தார். பூம்புகாரிலிருந்து திரும்பும் வழியில் இதைத்தான் வேனில் தியானித்தோம்.

இப்பொழுது எங்கள் முகாமில் ஒரு மாற்றம். மாத்திரை கொடுக்கும்போதே, "நேற்று வீட்டில் என்ன சமைத்தீர்கள், யார் கடைசியாகச் சாப்பிட்டீர்கள்?" என்று நர்ஸ் சகோதரிகள் கேட்கிறார்கள். விலை அதிகம் போகாத நெத்திலி போன்ற சிறு மீன்களை முள்ளோடு சாப்பிட்டால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள்.

போன வாரம் அந்தத் தாயாரைக் கரையில் கண்டேன். கூடையை இறக்கி, மேலே இருந்த ஒரு சிறு பொட்டலத்தைக் காட்டினார்கள். "இது விக்கிறதுக்கு இல்ல ஐயா. முதல் கை வீட்டுக்கு. நானும் பிள்ளைங்களோட உக்காந்து சாப்பிடுறேன்" என்றார்கள். மாத்திரையையும் விடாமல் சாப்பிடுகிறார்களாம்.

பிரியமானவர்களே, நீங்கள் அனுப்பும் காணிக்கை மாத்திரையாகவும் வேனுக்கு டீசலாகவும் அந்தக் கரைக்குப் போய்ச் சேருகிறது. அதற்காக நன்றி. இந்த மாதம் உங்கள் வீட்டு மேஜையில் மீன் வைக்கும்போது, அதைப் பிடித்தவர் வீட்டிலும் ஒரு துண்டு இருக்கவேண்டும் என்று ஜெபியுங்கள். ஏரியின் முகத்துவாரம் திறந்திருக்கவும் ஜெபியுங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் ஜெபங்களை நாடும்,
மருத்துவமனைப் போதகர்