கிஃப்ட் என்று எழுதிய போத்தல்

சுவிஸின் பீல் நகரத்தில் பெயர்ப்பலகைகள் எல்லாம் இரட்டை. ஜெர்மனில் பீல், பிரெஞ்சில் பியென். 2005 முதல் நகரத்தின் அதிகாரப்பூர்வப் பெயரே இரண்டையும் சேர்த்துத்தான். ஊரிலிருந்து புதிதாக வரும் எங்கள் சனத்தோடு ஆஸ்பத்திரிக்கும் கந்தோருக்கும் மொழிபெயர்ப்பாளராகப் போவது என் வேலை. தெரியாத சொல்லால் அவர்களுக்கு ஆபத்துக் குறைவு, கேட்டுவிடுவார்கள். தெரிந்த சொல்லைத்தான் கேட்க மாட்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் படித்து வந்தவருக்கு ஆங்கிலம் ஓரளவு வரும். ஜி, ஐ, எஃப், டி என்ற நாலெழுத்தைக் கண்டதும் பரிசு என்றே வாசிப்பார். ஜெர்மனில் அதே நாலெழுத்துக்கு நஞ்சு என்று பொருள். வாடகைக்கு எடுத்த பழைய வீட்டின் நிலவறைத் தட்டில், அந்தச் சொல் எழுதிய எலிமருந்தோ களைக்கொல்லியோ இன்னும் இருக்கலாம்.

இரண்டு மொழியிலும் சொல்லின் வேர் ஒன்றுதான்: கொடுத்தல். வைத்தியர் ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்தைக் கிரேக்கர் 'டோசிஸ்' என்றார்கள். கொடுப்பது என்று பொருள். அதைப் பின்பற்றி ஜெர்மன்காரரும் 'கிஃப்ட்' என்றார்கள். கொடுத்த மருந்து காலப்போக்கில் நஞ்சாயிற்று. பழைய பொருள், சீதனத்தைக் குறிக்கும் 'மிட்கிஃப்ட்' என்ற சொல்லில் இன்றைக்கும் உண்டு. 'மருந்து குடித்துவிட்டான்' என்று ஊரில் யாராவது ஓடிவந்து சொன்னால் நெஞ்சு பதறுகிற எங்களுக்கு இந்த மாற்றம் விளங்காததல்ல.

அந்த 'டோசிஸ்' பிரெஞ்சில் 'டோஸ்' ஆகி, மருந்தின் அளவைக் குறிக்கிறது. அதே எழுத்துகள் ஜெர்மனில் தகரப்பேணி.

படிவங்களில் அதிகம் குழப்புவது 'ஃபிர்மா'. ஜெர்மனில் அது கொம்பனி. இத்தாலியில் கையெழுத்து. மும்மொழிப் படிவத்தின் அடியில், கையொப்பக் கட்டத்துக்குப் பக்கத்தில் ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலிச் சொற்கள் வரிசையாக நிற்கும். வேலையிடத்தில் ஜெர்மன் பழகியவரின் கண், தனக்குப் பழக்கமான ஃபிர்மாவில் போய் நிற்கும். வேலை செய்யும் உணவகத்தின் பெயரை அழகாக எழுதிவிடுவார். கையெழுத்தில்லாத படிவம் திரும்பி வரும். விசா நீட்டிப்புக்குக் காத்திருக்கும் குடும்பத்துக்கு அந்தத் தாமதம் சின்ன விசயமில்லை. சொல் இத்தாலியிலிருந்து வந்ததுதான். வணிகர் எந்தப் பெயரில் கையொப்பமிட்டாரோ அதுவே அவர் வியாபாரத்தின் பெயராயிற்று. சுவிஸ் சட்டத்தில் இப்போதும் 'ஃபிர்மா' என்றால், கண்டிப்பாகச் சொன்னால், நிறுவனத்தின் பெயர்தான்.

'டாஸே' ஜெர்மனில் தேநீர்க் கோப்பை, இத்தாலியில் வரிகள். ஆங்கிலத்தில் மூடுபனியான 'மிஸ்ட்' ஜெர்மனில் சாணம். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எலியைக் குறிக்கும் மூன்றெழுத்து, ஜெர்மனில் ஆலோசனைச் சபை. நாட்டை ஆளும் ஏழு பேர் கொண்ட சபையின் ஜெர்மன் பெயரும் அந்தச் சொல்லில்தான் முடிகிறது. எலிக்கும் சபைக்கும் வேர் உறவு ஏதும் கிடையாது.

சொல்லை வாசிக்க முதல் அது எந்த மொழி வரி என்று பாருங்கள் என்பேன். மண்டையோட்டுப் படம் இருந்தால் எழுத்தைப் பார்க்கவே வேண்டாம், பிள்ளைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள் என்பேன். 145 என்ற இலக்கத்தைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டச் சொல்வேன். சூரிச்சில் உள்ள டாக்ஸ் இன்ஃபோ சுவிஸ் என்ற நஞ்சுத் தகவல் மையம் அது. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். அழைக்கும்போது போத்தல் கையில் இருக்கட்டும். மேலே உள்ள பெயரை மொழிபெயர்க்காமல், எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள்.