மூணு பேரா, நாலு பேரா? – பீரங்கி வண்டிக்குள் ஒரு நாள்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்)

டேங்க் என்றதும் ஹாஸ்டல் மொட்டை மாடியில் எப்போதும் காலியாக நிற்கும் டேங்க் ஞாபகத்துக்கு வந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல. நான் சொல்ல வந்தது ராணுவ டேங்க். அதற்குள் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களின் ஒரு நாள் எப்படிப் போகும் என்பதுதான் விஷயம். சினிமாவில் டேங்க் வந்தால் ஒரே ஒரு 'டமார்', அதோடு சீன் முடிந்துவிடும். நிஜத்தில் பல நாள் அந்த 'டமார்' கிடையவே கிடையாது. கிரீஸ், ஸ்பேனர், டீசல், தூசி, இவ்வளவுதான். நம்ம ஒர்க்‌ஷாப் பீரியட் மாதிரியே, ஆனால் பெல் மட்டும் அடிக்காது.

இந்த வண்டிகளுக்கும் நமக்கும் சொந்தம் உண்டு. ஆவடியில் 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலை தொடங்கப்பட்டு, 1965-ல் முதல் விஜயந்தா வெளியே வந்தது. பிறகு ரஷ்ய வடிவமைப்பான டி-72, டி-90, நம் நாட்டிலேயே வடிவமைத்த அர்ஜுன் எல்லாமே அங்கே தயாராயின. இதில் ஒன்றைக் கவனியுங்க. விஜயந்தாவில் 4 பேர். டி-72-ல் 3 பேர். அர்ஜுனில் மறுபடியும் 4 பேர். அந்த நாலாவது ஆள் யார்? ஏன் போனார், ஏன் திரும்பி வந்தார்? இது புரிந்தால் டேங்க் வாழ்க்கை பாதி புரிந்த மாதிரி.

முதலில் 3 பேர் வண்டியைப் பார்ப்போம். டி-72-ல் முன்னால் நடுவில் டிரைவர். மேலே சுழலும் டரட்டுக்குள் பீரங்கிக்கு இடப்பக்கம் கன்னர், வலப்பக்கம் கமாண்டர். எடை 41 டன். உயரம் ஏறக்குறைய 2.2 மீட்டர்தான், ஆகவே உள்ளே நிமிர்ந்து நிற்பது என்ற பேச்சே இல்லை. 12 சிலிண்டர் டீசல் என்ஜின், 780 குதிரைத்திறன். ஸ்டியரிங் வீல் கிடையாது, இரண்டு லீவர்கள். பக்கத்துக்கு ஒரு கியர்பாக்ஸ்! வலது லீவரை இழுத்தால் வலப்பக்கம் குறைந்த கியருக்கு இறங்கும், இடப்பக்கச் செயின் முந்தும், வண்டி வலது பக்கம் திரும்பும். ரிவர்ஸ் வேகம் மணிக்கு சுமார் 4 கி.மீ. அதாவது நாம் கேன்டீனுக்கு நடக்கிற வேகம். எதிரே ஆபத்து வந்தால் இந்த வேகத்தில்தான் பின்வாங்க முடியும்.

மூடியைச் சாத்திவிட்டால் டிரைவருக்குத் தெரிவது பெரிஸ்கோப் வழியே ஒரு துண்டு நிலம் மட்டுமே. அந்தப் பக்கம் பள்ளமா, மரமா என்பதைத் தலைக்கவசத்தில் இருக்கும் ஸ்பீக்கரில் கமாண்டர் சொல்ல வேண்டும். அதனால் ஓடும் வண்டிக்குள் அரட்டைக்கு இடமில்லை. ஒருவர் தேவையில்லாமல் பேசினால் இன்னொருவருக்கு அவசரமான வார்த்தை கேட்காமல் போய்விடும்.

ராஜஸ்தான் பாலைவனத்தில் பயிற்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். விடியும் முன்பே வேலை ஆரம்பம். அதற்குப் பெயர் ஃபர்ஸ்ட் பரேடு. பரேடு என்றால் லெஃப்ட் ரைட் இல்லை. ஆயில் மட்டம், தண்ணீர், பேட்டரி, அடியில் ஒழுகல், செயின் தளர்ச்சி எல்லாம் பார்ப்பது. செயின் தொளதொளவென்று இருந்தால் மணலில் திரும்பும்போது சக்கரத்தை விட்டுக் கழன்றுவிடும். கழன்றால் சம்மட்டி, கடப்பாரை, வியர்வை. அங்கே பஞ்சர் கடை கிடையாது பாருங்க!

எனக்கு ரொம்பப் பிடித்தது பீரங்கியையும் குறிபார்க்கும் கண்ணாடியையும் ஒத்துப்போகச் செய்யும் வேலை. குழல் வாயில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு நூல் கட்டுவார்கள். பின்பக்கத்தில் இருந்து குழல் வழியாகவே பார்த்து, ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஏதாவது ஒரு புள்ளியின்மேல் அந்த நூல்கள் வெட்டும் இடத்தைக் கொண்டுவருவார்கள். பிறகு கன்னர் தன் கண்ணாடியின் குறியையும் அதே புள்ளிக்குத் திருப்புவார். லேசர் கருவி 3 கி.மீ. தூரத்தை ஒளி போய்த் திரும்பும் 20 மைக்ரோ செகண்டில் அளந்துவிடும். ஆனால் அந்த நூல் வேலை சரியில்லை என்றால் லேசரால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அடுத்து ஏர் ஃபில்டர். பாலைவனத் தூசி சிலிண்டருக்குள் போனால் அது தூசி இல்லை, கிரைண்டிங் பேஸ்ட். பிஸ்டன் ரிங்கைத் தேய்த்தே தீர்த்துவிடும். காற்று முதலில் சைக்ளோன் குழாய்களில் சுழன்று பெரிய தூசியை உதறிவிட்டு, பிறகு எண்ணெய் தடவிய வலைகள் வழியே போகும். அந்த வலைகளைக் கழற்றி டீசலில் அலசும் வேலை மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். இதெல்லாம் வெயிலில் காய்ந்த இரும்பின் மேல் உட்கார்ந்து. வெளியே 45 டிகிரி என்றால் உள்ளே அதைவிட அதிகம். டி-72 ஏசி வைத்து உருவான வண்டி இல்லை.

இப்போது நாலாவது ஆளுக்கு வருவோம். அவர் பெயர் லோடர். பீரங்கிக்குக் குண்டு எடுத்துப் போடுபவர். டி-72-ல் அந்த வேலையை ஒரு மெஷின் செய்கிறது. டரட்டின் அடியில் ராட்டினம் மாதிரி ஒரு தட்டு, அதில் 22 குண்டுகள். பட்டனை அழுத்தினால் வேண்டிய வகை சுழன்று வந்து நிற்கும்; குண்டும் அதன் மருந்துப் பகுதியும் பீரங்கிக்குள் தள்ளப்படும். குலுங்கும் வண்டியில் மனிதனுக்குக் கை தடுமாறும், மெஷினுக்குத் தடுமாறாது. ஒரு ஆளுக்கான இடம் மிச்சம், அதனால் வண்டி சின்னது, எடை குறைவு. அர்ஜுன் 58.5 டன் என்று பார்த்தால் இந்த லாபம் புரியும்.

சரி, அந்த 22-ம் தீர்ந்தால்? மனிதன்தான் நிரப்ப வேண்டும். வெடிகுண்டு வகையில் ஒன்றின் தலைப்பகுதி மட்டும் 23 கிலோ. குனிந்துகொண்டே ஒவ்வொன்றாக. மெஷின் பீரங்கிக்கு லோடு போடும், மெஷினுக்கு யார் லோடு போடுவது?

என் அப்பா மண்டியில் லோடுமேன். எங்கள் வீட்டில் கணக்கு நோட்டைத் தவிர வேறு புத்தகம் பார்த்தது நான்தான் முதல். இந்த விஷயத்தை அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "மூட்டை தூக்கறவன் மூட்டை மட்டுமாடா தூக்கறான்? தார்ப்பாய் கட்டறது, டயர் மாத்தினா ஜாக்கி போடறது, ராத்திரி லோடுக்குக் காவல் படுக்கறது எல்லாம் யாரு?" என்றார். டிசைன் புத்தகத்தில் இது இல்லை, ஆனால் விஷயம் இதுதான். டேங்கிலும் லோடர் பொதுவாக ரேடியோவைப் பார்த்துக்கொள்வார். செயின் மாட்ட ஒரு ஜோடிக் கை. சுட்டு முடித்தபின் பீரங்கிக் குழலுக்குள் நீளமான பிரஷ் கம்பியை நாலைந்து பேர் சேர்ந்து 'ஏலேலோ' போட்டுத் தள்ளுவார்கள், அதில் ஒரு தோள். சமையலுக்கு ஒரு ஆள். மெஷின் எடுத்துக்கொண்டது லோடரின் ஒரு வேலையைத்தான். மீதி வேலைகள் 3 பேர் தலையில் விழுந்தன.

இன்னொரு விலையும் உண்டு, அது உயிர் சம்பந்தப்பட்டது. அந்த ராட்டினத் தட்டுக்கு நேர் மேலேதான் கன்னரும் கமாண்டரும் உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரியின் குண்டு துளைத்து அந்த மருந்து பற்றிக்கொண்டால் டரட்டே பிய்த்துக்கொண்டு பறக்கும். 1991-ல் ஈராக்கிலும், 2022 முதல் உக்ரைனிலும் உலகம் இதைப் பார்த்தது. அமெரிக்காவின் ஏப்ரம்ஸில் 4 பேர். குண்டுகள் பெரும்பாலும் டரட்டின் பின்னால் தனி அறையில், கதவுக்கு அந்தப் பக்கம். வெடித்தாலும் மேல் தகடு திறந்து வெளியே போகும்.

அப்போ 4 பேர்தான் சரியா? அவ்வளவு சுலபமில்லை. 2021-ல் 118 வண்டிகளுக்கு ஆர்டர் தரப்பட்ட அர்ஜுன் மார்க்-1ஏ 68 டன். எந்தப் பாலம் அதைத் தாங்கும், எந்த ரயில் வேகன் ஏற்றும் என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். ஆனாலும் என் ஓட்டு நாலாவது ஆளுக்குத்தான்.

சாயங்காலம் லாஸ்ட் பரேடு. டீசல் நிரப்பணும், டி-72 வெளி டிரம்கள் இல்லாமலேயே 1,200 லிட்டர் குடிக்கும். மறுபடி செயின், ஆயில், ஃபில்டர். அப்புறம்தான் சாப்பாடு. வண்டி தனியே நிற்கிறது என்றால் ராத்திரி 9 முதல் காலை 5 வரை யாராவது ஒருவர் விழித்திருந்தே ஆக வேண்டும். 8 மணி நேரத்தை 4 பேர் பிரித்தால் ஆளுக்கு 2 மணி. 3 பேர் என்றால் 2 மணி 40 நிமிஷம். அந்த 40 நிமிஷத் தூக்கத்தை இழந்த டிரைவர்தான் விடிந்ததும் 41 டன்னை ஓட்ட வேண்டும்.