சோளத்தை எப்போது வெட்டுவது?

ஆடி, ஆவணி மாதங்களில் வன்னியிலுள்ள பட்டிகளைப் பார்த்தவர்களுக்கு நாங்கள் அதிகம் விளக்கத் தேவையில்லை. மேய்ச்சல் தரை கருகிக் குளத்தோரம் மட்டும் கொஞ்சம் பச்சை தெரியும். மாரியில் மூன்று போத்தல் பால் தந்த பசு ஒரு போத்தலுக்கு இறங்கிவிடும். 2008, 2009ஆம் ஆண்டு இடப்பெயர்வில் மாடுகளைப் பட்டியோடு விட்டுவந்த குடும்பங்கள் பல. அவர்களுக்குப் பிறகு கைக்கு வந்த ஒன்றிரண்டு பசுக்களும் கோடையில் வற்றிப்போவது சிறிய விடயம் அல்ல. பிள்ளைகளின் கொப்பிக்கும் கடைக்கணக்குக்கும் அந்தப் பால்தான் காசு.

இதற்கு ஒரு வழி, மாரியில் வளரும் சோளத்தைக் கதிரோடு பச்சையாக வெட்டி, சிறிதாக நறுக்கி, காற்றுப் புகாமல் அடைத்து வைத்துக் கோடையில் கொடுப்பதாகும். கால்நடை அலுவலர்கள் இதனைச் சைலேஜ் என்பார்கள். காற்றில்லாத இடத்தில், பயிரிலுள்ள சீனியை நல்ல நுண்ணுயிர்கள் புளிப்பாக மாற்றுகின்றன. தோசை மா புளிப்பதும் இவ்வகை நுண்ணுயிர்களால்தான். அந்தப் புளிப்பே தீவனத்தைப் பழுதாகாமல் காக்கிறது.

அடைக்கும் முறையைப் பலர் இப்போது கற்றுக்கொண்டுவிட்டார்கள். பிழை பெரும்பாலும் வெட்டும் நாளில்தான் நேர்கிறது. மீளக் குடியேறிய ஒரு கிராமத்தில் ஓர் அம்மா தமது பீப்பாவைத் திறந்து எங்களுக்குக் காட்டினார். "பாருங்கோ தம்பி, மாடு மணந்துபோட்டு முகத்தைத் திருப்புது. அடியில ஒரே தண்ணி" என்றார். மழைக்குப் பயந்து, கதிரில் பால் பிடிக்கத் தொடங்கிய உடனேயே வெட்டிவிட்டாராம். இரண்டு வளவு தள்ளி அவருடைய மைத்துனர், மணி நன்றாக முற்றட்டும் என்று காத்திருந்து, தாள் மஞ்சளான பின் வெட்டி அடைத்தார். அவருடைய பீப்பாவில் வெள்ளைப் பூஞ்சணம். இருவரும் ஒரே மாதிரித்தான் நறுக்கினார்கள், ஒரே மாதிரித்தான் மிதித்தார்கள்.

காரணம் ஈரம். பால் பருவத்தில் 100 கிலோ சோளப் பயிரில் ஏறக்குறைய 80 கிலோ தண்ணீர். அதை மிதிக்கும்போது சாறு வடிகிறது, சாற்றோடு சீனியும் சத்தும் போகின்றன. மிஞ்சிய ஈரத்தில் கெட்ட நுண்ணுயிர்கள் பெருகி நாற்றம் உண்டாகிறது. முற்றிக் காய்ந்த பயிரிலோ தண்டு விறைப்பாக இருக்கும். எவ்வளவு மிதித்தாலும் மேலெழும்பும். இடையில் நின்ற காற்றில் சூடும் பூஞ்சணமும் வரும். நல்ல நிலை என்பது 100 கிலோவில் 65 முதல் 70 கிலோ வரை தண்ணீர் இருப்பது. அந்த நேரத்தில் மணியில் மாச்சத்தும் போதிய அளவு சேர்ந்திருக்கும். முந்தி வெட்டுபவர் இந்த மாச்சத்தையும் இழக்கிறார். இதை நாங்கள் அழுத்திச் சொல்லக் காரணம், 'பச்சையாக இருந்தால்தானே மாடு தின்னும்' என்ற எண்ணம் எங்கும் இருக்கிறது.

இந்த நிலையை அறிய மணியையே பாருங்கள். வரம்போரத்தில் அல்லாமல் வயலின் நடுவிலிருந்து ஐந்தாறு கதிர்களை முறித்து எடுத்து, மடலை உரித்து, ஒவ்வொன்றையும் நடுவால் இரண்டாக உடையுங்கள். நுனிப்பக்கத்துத் துண்டை எடுத்து, உடைந்த முகத்தில் தெரியும் மணிகளைப் பாருங்கள். மணியின் வெளிப்பக்கம் கடும் மஞ்சளாகவும் கெட்டியாகவும், தக்கையோடு ஒட்டிய பக்கம் வெளிறிப் பாலாகவும் இருக்கும். இரண்டுக்கும் இடையில் ஒரு கோடு தெரியும். மணி முற்ற முற்ற இந்தக் கோடு வெளியிலிருந்து தக்கையை நோக்கி இறங்கும். கோடு தெரியாவிட்டால் நகத்தால் மேலிருந்து குத்திக்கொண்டு வாருங்கள். நகம் இறங்கிப் பால் வரும் இடம்தான் கோடு. அது மணியின் பாதியைத் தொட்டதும் கத்தியைத் தீட்டலாம். மூன்றில் இரண்டு பங்கு தாண்டுமுன் வெட்டி முடிக்க வேண்டும். எங்கள் வெயிலில் இந்த இடைவெளி அதிக நாள் நில்லாது. கூலிக்கு ஆள், நறுக்கும் இயந்திரம், பொலித்தீன் ஆகியவற்றை முன்னரே பேசி வைக்காதவர்கள் இங்கேதான் அகப்படுகிறார்கள்.

சந்தேகம் இருந்தால் வீட்டுத் தாச்சியிலேயே சோதிக்கலாம். முழுப்பயிரை நறுக்கிக் கலந்து, கடைத் தராசில் 100 கிராம் நிறுத்து, கருகவிடாமல் மெல்லிய நெருப்பில் கிளறி உலர்த்துங்கள். மீண்டும் மீண்டும் நிறுத்து, நிறை குறையாமல் நின்றதும் பாருங்கள். 30 முதல் 35 கிராம் மிஞ்சினால் நாள் சரி. 25க்குக் கீழென்றால் பொறுக்க வேண்டும். தராசு இல்லையென்றால், நறுக்கியதை ஒரு பிடி எடுத்து அரை நிமிடம் இறுக்கிப் பிடித்து விடுங்கள். விரலிடுக்கால் சாறு ஓடினால் நேரம் வரவில்லை. உருண்டை மெதுவாக விரிந்தால் நல்லது. உடனே உதிர்ந்தால் பிந்திவிட்டீர்கள்.

மழை கணக்கைக் குழப்பும். ஐப்பசி முதல் மழையோடு போட்ட சோளம் பெரும்பாலும் மார்கழி மழையில் வெட்டும் பருவத்துக்கு வந்துவிடும். கோடு சரியாக இருந்தாலும் கொட்டும் மழையில் வெட்டிய தாளை அடைக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. இரண்டு மூன்று நாள் பிந்துவதால் வரும் நட்டம், நனைந்ததை அடைப்பதால் வரும் நட்டத்தைவிடக் குறைவு. தீவனத்துக்கென்றே விதைப்பவர்கள் விதைப்பைச் சற்றுப் பிந்தி, வெட்டு தை மாதத்தில் விழும்படி பார்த்துக்கொள்ளலாம். மட்டக்களப்புப் பக்கம் தையிலும் மழை நிற்காது. அங்குள்ளவர்கள் தங்கள் ஊர் மழையை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

சிலவேளை பொறுத்திருக்க முடியாது. இரவில் யானை வந்து பாதி வயலை மிதித்துவிட்டால் மீதியைக் காப்பாற்றத்தான் வேண்டும். அப்படி முந்தி வெட்ட நேர்ந்தால், வெட்டிய தாளை ஒரு வெயில் நாள் பரப்பி வாடவிட்டு நறுக்குங்கள். பீப்பாவின் அடியில் ஓரடி உயரத்துக்கு நறுக்கிய வைக்கோலை இட்டால் சாற்றை உறிஞ்சிக்கொள்ளும்.

பலர் எங்களிடம் கேட்கும் இன்னொரு கேள்வி காசு பற்றியது. பச்சைக் கதிரை அவித்து விற்க வீதியோரத்தில் ஆளிருக்கும்போது அதை ஏன் மாட்டுக்குப் போடுவது? நியாயமான கேள்வி. கதிரைப் பால் பருவத்தில் விற்றுவிட்டுத் தாளை மட்டும் அடைக்கலாம். அந்நேரம் தண்டில் சீனி நிறைய இருப்பதால் நன்றாகப் புளிக்கும். ஆனால் ஈரம் கூட, ஆகவே வாடவிடுவது கட்டாயம். மணியில்லாததால் சத்துக் குறைவு, தவிடு சேர்த்துக் கொடுக்க நேரிடும். ஆனால் மணி முழுதாக முற்றிக் கதிரை முறித்தபின் எஞ்சும் காய்ந்த தட்டையை அடைப்பது வீண் வேலை. ஒரு பகுதிக் கதிரை விற்று, மீதி வரிசைகளைத் தீவனத்துக்கு விடுவதையே கையில் காசில்லாத குடும்பங்களுக்கு நாங்கள் சொல்வது.

இறுங்கு போட்டவர்கள் மணி மாவாக நசியும் பருவத்தில் வெட்ட வேண்டும். அதன் மணி சிறியது. கெட்டியானால் செமிக்காமல் சாணியோடு வந்துவிடும். இளம் இறுங்கிலும், வரட்சிக்குப் பின் துளிர்த்த இறுங்கிலும் மாட்டைக் கொல்லக்கூடிய நஞ்சு இருப்பதால் அதை மேயவிடாதீர்கள். படைப்புழுவுக்கு மருந்து அடித்திருந்தால், போத்தலில் எழுதியுள்ள நாட்கள் கழியுமுன் எந்தப் பயிரையும் தீவனத்துக்கு வெட்டக்கூடாது. 2018க்குப் பிறகு சோளம் போட்ட எவருக்கும் இந்தப் புழுவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

சொந்தக் காணிக்கு இன்னும் திரும்ப முடியாமல், உறவினர் காணியிலோ குத்தகைக் காணியிலோ இருப்பவர்கள் குழி வெட்டத் தேவையில்லை. மூடியுள்ள 200 லீற்றர் பீப்பா நல்லது. இடம் மாறினால் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போகலாம். ஒன்று இரண்டு சென்ரிமீற்றர் அளவில் நறுக்கி, படை படையாக மிதித்தால் ஒரு பீப்பாவில் 100 கிலோவுக்கு மேல் பிடிக்கும். ஒரு பசுவுக்கு வைக்கோலோடு நாளுக்கு 10 கிலோ என்றால் மூன்று மாதத்துக்கு 900 கிலோ, அதாவது ஒன்பது பீப்பா. ஏக்கருக்கு 10 தொன் பச்சைப்பயிர் வந்தாலே இரண்டு பரப்பில் இது கிடைத்துவிடும். மருந்துப் பீப்பாக்களை மட்டும் தொடவேண்டாம்.

ஆறு வாரம் கழித்துத் திறக்கலாம். புளிப்பு மணமும் மங்கிய பச்சை நிறமும் இருந்தால் சரி. முதல் வாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். மணம் பாலில் ஏறாதிருக்கப் பால் கறந்த பின் கொடுங்கள்.

அந்த அம்மா இம்முறை கலண்டரில் விதைத்த நாளையும், கதிர் நுனியில் நூல் வெளிவந்த நாளையும் எழுதி வைத்திருக்கிறார். நூல் கறுத்துக் காய்ந்ததும் மூன்று நாளுக்கொருமுறை ஒரு கதிரை உடைத்துப் பார்க்கப் போவதாகச் சொன்னார். உடைத்த கதிரை மாலையில் பேரப்பிள்ளைகள் சுட்டுத் தின்கிறார்களாம்.