குழலின் நாக்கு

ஸ்காட்லாந்து மலைநாட்டின் பேக்பைப் வாத்தியத்தை அணிவகுப்புகளில் நேயர்கள் பலரும் கேட்டிருப்பீர்கள். வாசிப்பவர் வாயால் ஊதும் காற்று நேரே குழலுக்குள் செல்வதில்லை. அக்குளில் இடுக்கிய பையில் நிறைந்து, கையின் அழுத்தத்தால் நான்கு குழல்களுக்கும் ஒருங்கே செல்கிறது. அவற்றுள் மூன்று சுருதிக் குழல்கள். நான்காவது, விரல்களால் வாசிக்கப்படும் சாண்டர். அதில் பிறப்பவை 9 சுரங்களே. அந்தச் சாண்டரின் உச்சியில், பையினுள் மறைந்திருக்கும் ரீடைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இரண்டு நாணல் இதழ்களை ஒரு சிறு உலோகக் குழாயின் மேல் நூலால் இறுகக் கட்டியதே ரீடு. நம் நாகசுரத்தின் சீவாளிக்கு இது உறவுதான். ஆனால் சீவாளியை வித்துவானின் உதடு தொட்டு நடத்துகிறது. அதன் கடுமையை உணர்ந்து அடக்கவும் விரிக்கவும் உதட்டுக்கு வழியுண்டு. பேக்பைப்பின் ரீடை உதடு தொடுவதே இல்லை. ஆகவே அதன் குறையை வாசிக்கும்போது மறைக்க இயலாது; முன்னரே திருத்தியாக வேண்டும்.

1994இல், நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியின் வாத்தியக் குழுவில் ஒரு மாணவன் ஐந்து நிமிடம் வாசிப்பதற்குள் முகம் சிவந்து பையை இறக்கிவிடுவான். சோம்பேறி என்று அனைவர் முன்னிலையிலும் அவனைக் கடிந்துகொண்டேன். அவன் குழுவை விட்டு விலகினான். சில வாரங்கள் கழித்துப் பயிற்சியளிக்க வந்த முன்னாள் படைவீரர் ஒருவர் அவனுடைய சாண்டரை ஊதிப் பார்த்து, "இது பழகிய ஆளுக்கு உரிய ரீடு, ஐயா, பையன் என்ன செய்வான்?" என்றார். அவன் வீட்டுக்கே சென்று அழைத்தேன். அவன் வரவில்லை.

ரீடின் கடுமையை நீரழுத்தமானியால் அளக்கிறார்கள். தொடக்க மாணவனுக்கு ஏறக்குறைய 20 அங்குல நீரழுத்தத்தில் பேசும் ரீடே போதும். 30 அங்குலத்தைத் தாண்டியவை தேர்ந்தவர்களுக்கு உரியவை. எனினும் ரீடின் மேல் பழி போடுமுன் சுருதிக் குழல்களைத் தக்கையால் அடைத்துவிட்டு ஊதிப் பாருங்கள். பையிலோ இணைப்புகளிலோ காற்றுக் கசிந்தால், நல்ல ரீடும் கடுமையானதாகவே தோன்றும்.

அதன் பிறகும் கடுமையாக இருந்தால், சில நாள் சிறிது சிறிதாக வாசித்துப் பழக்குங்கள். வாசித்து ஈரம் ஏறிய நிலையில், நூற்கட்டுக்குச் சற்று மேலே, இதழ்களின் தட்டையான பக்கங்களைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் மெல்ல அழுத்திச் சில நொடிகள் பிடியுங்கள். உலர்ந்த ரீடை அழுத்தினால் வெடித்துவிடும். ஒவ்வொரு முறையும் மீண்டும் பொருத்தி ஊதிப் பாருங்கள். இதழ்களின் மேல் சிறு ரப்பர் வளையம் இடுவதும் உண்டு. வேண்டாதபோது கழற்றிவிடலாம் என்பது அதன் நன்மை. உப்புத்தாளைக் கடைசியாகவே எடுக்க வேண்டும். நூற்கட்டை ஒட்டிய பகுதியில் இரு இதழ்களிலும் சம அளவாக இரண்டு மூன்று இழுப்பு, அவ்வளவே. நுனியைத் தொடவே கூடாது. தேய்த்த நாணலை மீண்டும் ஒட்டவைக்க எவராலும் முடியாது. மிகவும் மெலிந்துபோன ரீடில் மேல் சுரங்கள் அடைபட்டு நின்றுவிடும்.

இனிச் சுருதி. ரீடைச் சாண்டருக்குள் ஆழமாகச் செருகினால் சுரங்கள் உயரும். கீழ்ச் சுரங்களைவிட மேல் சுரங்கள் அதிகமாக உயரும். ஆகவே கீழ் ஏ சரியாக நிற்க, மேல் ஏ தாழ்ந்து ஒலித்தால் ஒரு மயிரிழை உள்ளே தள்ளுங்கள். மேல் ஏ ஏறி ஒலித்தால் குழாயின் அடியில் மெழுகு நூலை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி, ரீடைச் சற்று உயர்த்திப் பொருத்துங்கள். தளர்வாக வைத்தால் காற்றுக் கசியும். வாசிக்கும்போதே கழன்று பைக்குள் விழவும் கூடும். அப்படி விழுந்ததைத் தேடி எடுக்கும்போது இதழ் நுனி உடைந்ததை நான் இரு முறை கண்டிருக்கிறேன்.

வாசித்து முடித்ததும் சாண்டரைப் பையிலிருந்து கழற்றி, ரீடின் மேல் அதற்கென உள்ள மூடியை இட்டு வையுங்கள். மறுநாள் ஒலி மாறியிருந்தால் உடனே எதையும் திருத்த வேண்டாம். பத்து நிமிடம் வாசித்து ஈரம் ஏறிய பின் கேளுங்கள்.